பியானோ ஆணிக்குத் தேயிலைப் பெட்டிச் சீவல்

நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி என்னைப் படுக்கையில் போட்டது ஒரு மழைக்காலத்தின் கடைசியில். ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீடு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "மருந்து பாதிதான். மீதி ஓய்வு. மேடு ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கோடை வரைக்கும் வேலையைப் பத்தி நினைக்கவே வேண்டாம்" என்றார்.

குன்னூரில் மேடு ஏறக் கூடாது என்றால் வாசலோடு சரி. கடைவீதிக்கு இறங்கிவிடலாம், திரும்பி வருவது எப்படி?

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் டூல் ரூமில் எனக்கு வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு இரும்பைக் கடைவது, அராவுவது, அளப்பது. நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்ட நாள்கூடக் குறைவு. அப்படிப்பட்டவனைக் கட்டிலில் கிடத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிரு என்றால் என்ன செய்வான்? ஜன்னலில் பாதி நேரம் மஞ்சு என்கிற மூடுபனி, மீதி நேரம் எதிர்ச்சரிவுத் தேயிலை. ரயில் மூச்சிரைத்துக்கொண்டு மேலே ஏறும் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவேன். அது ஓய்ந்ததும் படுப்பேன். படுத்த சூடு ஆறுவதற்குள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். முன்னறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து முன்னறை.

மனைவி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். காலையில் கஞ்சியைக் கட்டிலோரம் மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்ததும் கட்டிலைத் தொட்டுப் பார்ப்பாள். சில்லென்று இருந்தால், "இன்னைக்கும் படுக்கலீங்களா?" என்பாள். நான் போர்வையை எடுத்து உதறி மடிக்க ஆரம்பிப்பேன். அவள் திரும்பக் கேட்கமாட்டாள், அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள். அந்தப் பேச்சில்லாத நேரம்தான் எனக்கு நோயைவிடக் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் குடியிருந்தது ஒரு முஸ்லிம் பாயின் வீட்டில், கீழ்த்தளத்தில். பஜாரில் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தார். துரைமார்கள் ஊரைவிட்டுப் போகும்போது பங்களாவில் விட்டுப்போகிற கட்டில், அலமாரி, பீங்கான், கண்ணாடி எல்லாம் அவர் கடை வழியாகத்தான் ஊருக்குள் வரும். மாடியில் அவரும் வீட்டுக்காரம்மாவும். பிள்ளைகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். பாய் காலையில் கடைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். அந்த அம்மாவை நான் மாடிப்படியில் முக்காட்டோடு ஒன்றிரண்டு தடவை பார்த்ததோடு சரி. என் மனைவிக்கு மட்டும் பழக்கம்.

அந்த மழையில் பாயின் கிடங்குக் கூரை ஒழுகியது. நனையக் கூடாத சாமான்களை ஆங்காங்கே ஒதுக்கினார். எங்கள் முன்னறைக்கு வந்தது ஒரு பியானோ. ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது மற்ற சாமான்களோடு வந்தது. சுவரோடு சாய்த்து வைக்கிற மாதிரி நெட்டாக நிற்கும் ரகம்.

"ரெண்டு வாரம் இருக்கட்டுங்க தம்பி. கூரையை மாத்துனதும் எடுத்துக்கறேன்" என்றார் பாய்.

"ஏன் இன்னும் விக்கலீங்க?"

"ஸ்ருதி நிக்கறதில்லீங்க. மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரை வரவெச்சு முறுக்குனேன். அவர் மேட்டுப்பாளையம் எறங்கறதுக்குள்ள இதுவும் எறங்கிருச்சு."

கூரையை மாற்றினார். பியானோவை எடுக்கவில்லை. மாசங்கள் போயின. நான் நடக்கிற பாதையில் அது பாதி அறையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். பனிக்காலம் வந்து வெயில் காய ஆரம்பித்த ஒரு நாள், நடந்து நடந்து சலித்து, அதன் மேல்பலகையைக் கழற்றிப் பார்த்தேன்.

உள்ளே இரும்புச் சட்டம். அதில் வரிசை வரிசையாகச் சுண்டுவிரல் நீள எஃகு ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி சுற்றியிருந்தது. ஆணியின் தலை சதுரம். சட்டத்துக்குப் பின்னால் கெட்டியான மரக்கட்டை இருக்கிறது, ஆணி அதற்குள் இறங்கி நிற்கிறது என்பது பார்த்ததுமே புரிந்தது. கம்பி ஆணியை ஒரு பக்கம் இழுக்கிறது, மரம் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிதான் ஸ்ருதி. ஓர் ஆணியை விரலால் திருகினேன். திரும்பியது. எஃகு ஆணி, அவ்வளவு இழுவையில் இருக்க வேண்டியது, நோயாளியின் விரலுக்குத் திரும்பியது. மரம் காய்ந்து சுருங்கி, துளை அகன்றுவிட்டிருந்தது.

டூல் ரூம்காரனுக்கு லூசான ஆணியைப் பார்த்துவிட்டுப் படுக்க வராது. அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க நடந்து நடந்து தரையைத் தேய்க்கறதுக்கு அது தேவலைங்க. ஆனா உக்காந்துட்டுத்தான் செய்யோணும். பாய்கிட்டக் கேட்டுக்கறேன்."

பாய் சிரித்தாராம். "கெடறதுக்கு அதுல என்ன மிச்சம் இருக்கு அம்மிணி? பாக்கச் சொல்லுங்க" என்றாராம்.

நான் காகிதத்தில் வரைந்து கொடுத்ததை வைத்து இரும்புப் பட்டறையில் சதுரத் துளை போட்ட ஒரு சாவியை அடித்துத் தந்தார்கள். நீளமான கைப்பிடி. அதை ஆணியில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, வாசிக்கிற கட்டையை ஒரு கையால் அழுத்திக்கொண்டே முறுக்கினேன். சத்தம் மேலே போனது. கையை எடுத்ததும் கீழே வந்தது. திரும்ப முறுக்கினேன். திரும்ப வந்தது. காலை முழுக்க ஒரே கட்டை. டொங், டொங், டொங்.

மேலே யாரோ தரையைத் தட்டினார்கள்.

மாடித்தளம் மரப்பலகை. அம்மாவுக்குத் தொந்தரவாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். சாயங்காலம் என் மனைவியை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். போய்விட்டு வந்தவள் முகத்தில் ஏதோ வேடிக்கை பார்த்த களை இருந்தது.

"அக்கா திட்டறதுக்குக் கூப்பிடலீங்க. ஊட்டி கான்வென்ட்டுல படிக்கறப்போ பியானோ கத்துக்கிட்டாங்களாம். கல்யாணம் முடிவானதும் படிப்பை நிறுத்திட்டாங்களாம். நீங்க முறுக்குனது சரியான எடத்துக்கு வந்துச்சாம், அப்புறம் அதைத் தாண்டிட்டீங்களாம். 'போதும்'னு சொல்றதுக்குத்தான் தட்டுனாங்களாம்."

எனக்குக் காது கிடையாது. மைக்ரோமீட்டரில் அளக்க வராத எதுவும் எனக்கு அளவே இல்லை. ஒரு கட்டைக்கு மூன்று கம்பி, மூன்றும் ஒரே சத்தமாக இருக்கவேண்டும் என்பதைக்கூட அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சத்தம் நடுங்கும், ஒத்துப்போனால் அந்த நடுக்கம் நின்றுவிடும் என்று மனைவியிடம் சொல்லியனுப்பினார்கள். எனக்கு நடுக்கம் கேட்டது. நின்றதா இல்லையா என்பதில்தான் சந்தேகம்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர்கள் கீழே வருவது சரிப்படாது, பகலில் நான் தனியாக இருப்பேன். ஒட்டடைக் கம்பின் அடியால் மேலே ஒரு தட்டு தட்டினால் ஏற்றவேண்டும். இரண்டு தட்டினால் இறக்கவேண்டும். தட்டாவிட்டால் சரி. மூன்று தட்டினால் அவர்களுக்குச் சமையல் வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம்.

இதில் எனக்குப் பழக ரொம்ப நாள் பிடித்தது அந்தத் தட்டாத நேரம். சரியாக வந்துவிட்டதா, அல்லது எழுந்து போய்விட்டார்களா? கட்டையைத் திரும்ப அழுத்துவேன். மேலிருந்து ஒன்றும் வராது. திரும்ப அழுத்துவேன். அப்போது தட்டுக்குப் பதிலாகப் பலகையில் காலடிச் சத்தம் கேட்கும். அந்த அம்மாவும் ஓரிடத்தில் இருப்பவர்கள் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, மறுபடி இந்தக் கோடி. கீழே ஒருத்தன் நடந்த மாதிரியே மேலே ஒருத்தர் இவ்வளவு நாளும் நடந்திருக்கிறார்.

ஸ்ருதி கிடைத்தது. நிற்பதுதான் இல்லை. காலையில் ஏற்றியது சாயங்காலம் இறங்கியது. துளைக்கு என்ன மருந்து என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்தாள். அவள் பெரியம்மா மகள் வீணை வாசிப்பாள், தந்தியை முறுக்கும் பிருடை நழுவினால் சாக்பீஸ் தேய்ப்பாள் என்று பார்த்திருக்கிறாள். ஆணியைக் கழற்றி, துளையில் சாக்பீஸ் தூள் போட்டு, திரும்பத் திருகினேன். வீணையில் மரத்துக்குள் மரம், இங்கே மரத்துக்குள் எஃகு. அன்று ராத்திரிக்குள் கம்பி தொய்ந்தது.

பிறகு உப்புத்தாள். மெல்லிய பட்டையாக வெட்டி, சொரசொரப்பு மரத்தைப் பார்க்கும்படி ஆணியைச் சுற்றி இறக்கினேன். பிடித்தது. நல்ல முரட்டுப் பிடி. ஆனால் சாவியைத் திருப்பினால் ஆணி அசையாமல் நிற்கும், இன்னும் அழுத்தினால் கிறீச்சென்று ஒரு குதி குதித்துச் சரியான இடத்தைத் தாண்டிவிடும். மேலே இரண்டு தட்டு. இறக்கினால் அதே குதி கீழே. ஒரு தட்டு. ஏற்றினால் இரண்டு தட்டு. ஒரு பகல் முழுக்க இப்படியே போனது. கடைசியில் மேலே கம்பைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது. அவர்களுக்கும் கோபம் வரும் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

தபால் கார்டைக் கிழித்துச் சுற்றினேன். அட்டை சமாதானமாகத் திரும்பியது, குதிக்கவில்லை. ஒரு வாரம் நின்றது. பிறகு மூன்று நாள் விடாமல் மஞ்சு இறங்கியது. அட்டை ஈரம் குடித்து நைந்து, ஆணிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கட்டிலில் படுத்துக்கொண்டே அவை இறங்குவதைக் கேட்க முடிந்தது. ஆள் இல்லாமலே பியானோ டிங் என்று ஒரு சத்தம் போடும். மனைவி திடுக்கிட்டு என்னைப் பார்ப்பாள்.

அப்போதுதான் எனக்குக் கிளிசரின் ஞாபகம் வந்தது. சுத்தியலின் கைப்பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவோம். மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் திரும்ப ஆடும். காயாத தண்ணீர் ஒன்று வேண்டும். கிளிசரின் காயாது, ஆனால் கெட்டி. மரத்துக்குள் இறங்க அதை இளக்கவேண்டும், ஸ்பிரிட் கலந்தால் இறங்கும்.

அது மதுவிலக்குக் காலம். மருந்துக்கடைக் கம்பவுண்டர் கிளிசரின் சீசாவை எடுத்து வைத்துவிட்டு, ஸ்பிரிட் என்றதும் என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"எதுக்குங்க டீச்சர்?"

"பியானோவுக்குங்க."

"நான் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன். இது புதுசுங்க" என்றாராம்.

கடைசியில் பாய்தான் தன் கடையில் மேசைகளுக்கு மெருகு போடுகிறவரிடமிருந்து ஒரு சின்ன சீசா ஸ்பிரிட் வாங்கித் தந்தார். தருவதற்கு முன் ஜன்னலை மூடினார். "வாசம் வெளிய போச்சுன்னா போலீஸ் வந்து நிக்கும் தம்பி. உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நோயாளி. என்னையத்தான் புடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பியானோவை மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் அதை ஊற்றவேண்டும். படுக்கவைக்க எங்களால் முடியாது. பொறுத்திருந்தால் பாய் கடை ஆட்களை அனுப்பியிருப்பார். எனக்குப் பொறுமை இல்லை. நின்ற நிலையிலேயே ஒவ்வோர் ஆணியின் அடியிலும் ஊசிக்குழாயால் விட்டேன். கொஞ்சம் மரத்துக்குள் போனது. மிச்சம் சட்டத்தில் வழிந்து, கீழே கட்டைகளுக்கு மெத்தையாக இருந்த கம்பளித் துண்டுகளை நனைத்தது. ஒரு பக்கத்துக் கட்டைகள் ஒட்டிக்கொண்டு எழும்பவே இல்லை. அவற்றைத் துடைத்துக் காயவைத்து வழிக்குக் கொண்டுவருவதற்குள் பாதி மாசம் போய்விட்டது. மூச்சு வாங்கியது. காய்ச்சல் திரும்பி வந்தது. மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ரெஸ்ட்ல இருக்கீங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "இல்லீங்க டாக்டர். இவரு சும்மா இருந்தா செத்துருவாரு, வேலை செஞ்சாலும் செத்துருவாரு. நீங்களே சொல்லுங்க, எதைச் செய்யச் சொல்லட்டும்?"

அவள் குரல் உடைந்ததை அப்போதுதான் கேட்டேன். அது வரைக்கும் அவளுக்குக் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு, பலம் வேண்டிய வேலையை வேறு யாராவது செய்யட்டும், உட்கார்ந்து கையால் செய்கிற வேலையை நான் செய்யலாம், மத்தியானம் மட்டும் கட்டாயம் படுக்கவேண்டும் என்றார்.

அந்த உடன்படிக்கைக்கு நான் கட்டுப்பட்டேன். மத்தியானம் படுத்திருந்த ஒரு நாள், அறை மூலையில் கிடந்த தேயிலைப் பெட்டி கண்ணில் பட்டது. பாய் பீங்கான் சாமான்களைக் கட்டிக் கொண்டுவர எஸ்டேட் பெட்டிகளைத்தான் வைத்திருப்பார். தகர விளிம்பு, உள்ளே ஈயத்தாள், பக்கமெல்லாம் ஒட்டுப்பலகை. காகிதம் போல மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய பலகை அது. மரத்துளைக்கு மரம்தானே போடவேண்டும் என்று தோன்றியது. தீப்பெட்டிச் சீவல் அதற்கு முன்பே போட்டுப் பார்த்திருந்தேன், அது மெத்து. இது கெட்டி.

பெட்டியின் ஒரு பக்கத்தை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டோம். தகடுகள் விட்டுப் பிரிந்தன. அம்மிக்கல்லின் அடியில் வைத்து அழுத்திக் காயவைத்தோம். உடைந்த கண்ணாடித் துண்டால் நான் அவற்றைச் சுரண்டி இன்னும் மெல்லிசாக்கினேன். ஆணி நீளத்துக்கு ஒரு சீவல், துளையின் பாதிச் சுற்றைத் தழுவுகிற அகலம். ஆணியைக் கம்பிச் சுருளோடு எடுத்து, சீவலைத் துளைக்குள் வளைத்து வைத்து, ஆணியைத் திரும்ப அடித்து இறக்கவேண்டும்.

அடிக்கிற வேலை என் மனைவிக்கு. நான் ஆணித்தலையில் பித்தளைக் கட்டையை நேராகப் பிடித்துக்கொள்வேன். அவள் சுத்தியலை ஓங்குவாள். முதல் நாள் பயந்து பயந்து தட்டினாள். அப்புறம் அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் ஏதாவது சொல்லியிருந்தால் அன்றைக்கு ஆணிகள் ஒரே அடியில் இறங்கும்.

சீவல் போட்ட முதல் ஆணியில் சாவியை மாட்டினேன். என்னால் அசைக்க முடியவில்லை. அவ்வளவு இறுக்கம். மனைவி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். குதிக்காமல், கிறீச்சிடாமல், வெண்ணெயில் கத்தி போவது போலத் திரும்பி, கையை எடுத்ததும் அங்கேயே நின்றது. மேலே ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம். தட்டு இல்லை. மறுநாள் காலையில் அழுத்திப் பார்த்தேன். தட்டு இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் மழையும் மஞ்சுமாக மாறி மாறி வந்தது. தட்டு இல்லை.

ஒட்டுப்பலகை எல்லா ஆணிக்கும் தேவைப்படவில்லை. கிளிசரின் இறங்கிய இடங்களில் சில தானாகவே பிடித்துக்கொண்டிருந்தன. கோடைத் தொடக்கத்துக்குள் பியானோ முழுக்க நின்றது. கடைசி வரிசை ஆணிகளை நானே திருப்பினேன். மேடு ஏறிப் பார்த்தேன், மூச்சு வாங்கவில்லை.

பாய் வந்து கட்டைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக அழுத்திவிட்டு, "இனி வித்துரலாம்" என்றார். கோத்தகிரி ரோட்டில் கட்டபெட்டு தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

அதை மனைவி மாடியில் சொல்லியிருக்கிறாள். விற்பதற்கு முன் ஒரு தடவை வந்து வாசித்துப் பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த அம்மா இறங்கி வந்தார்கள். நான் எழுந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டேன். இத்தனை நாளும் தட்டிப் பேசிவிட்டு நேரில் பேச இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். கையை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கற்ற ஏதோ பாடம். நாலைந்து சத்தம் ஓடி, தடுக்கி நின்றது. திரும்ப ஆரம்பித்து அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை அதற்கும் முன்னாலேயே நின்றது. என் மனைவி என்னைப் பார்த்தாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார்கள்.

"கை மறந்துருச்சு அம்மிணி. உண்மையைச் சொன்னா, அப்பவும் எனக்கு வாசிக்க வராது. சிஸ்டர் ஸ்கேல்ல அடிப்பாங்க." ஒரே ஒரு கட்டையை அழுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். "ஆனா இது ஒரு துளி கீழ நிக்குதுங்க. அது மட்டும் எனக்கு எப்பவும் தெரியும். எங்கயாவது ஒண்ணு சரியில்லைன்னா என்னால சும்மா இருக்க முடியாது."

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அதை மட்டும் ஏத்திருங்க" என்றார்கள். மாடிக்குப் போகும்போது அவர்கள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. வருத்தப்பட்டது நாங்கள்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து சங்கீத டீச்சர் ஒருவர் வந்து வாசித்துப் பார்த்தார். நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர். வாசித்து முடித்துவிட்டு, "யாருங்க ட்யூன் பண்ணினது?" என்று கேட்டார். பாய் பெருமையாக என்னைக் காட்டினார்.

"ஆணி என்னோடதுங்க. காது மாடியில இருக்கு" என்றேன்.

பாய்க்குப் புரியவில்லை. ஒட்டடைக் கம்பு ஏற்பாட்டை முழுக்கச் சொன்னேன். அவர் மாடித்தளத்தை நிமிர்ந்து பார்த்தார். மேலே நடை நின்றிருந்தது.

"அவ படிச்சவன்னு தெரியும்" என்றார் மெதுவாக. "இதையும் கத்துக்கிட்டவன்னு தெரியாதுங்க. சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை."

சங்கீத டீச்சர் விடவில்லை. பள்ளியில் இன்னும் இரண்டு பியானோ இதே கோளாறோடு நிற்கிறது, நீங்களும் மாடி அம்மாவும் வந்து பார்ப்பீர்களா என்றார். பாய் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்தார், யோசித்தார். ஒரு வாரம் ஆயிற்று. எனக்குத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே நடை முன்னைவிட வேகமாகக் கேட்டது. சில நேரம் இரண்டு பேர் நடப்பது போலக் கேட்டது. பாயும் நடந்தார் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடை ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "கெளம்புங்க. உங்க வீட்டு டீச்சரம்மாவும் சுத்தியலும் வரோணும்" என்றார்.

பள்ளிக்கூட ஹாலில் அந்த அம்மா பியானோ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் கட்டையை அழுத்தினேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப அழுத்தினேன். முகம் சுளித்தார்கள்.

"கிட்டத்துல கேட்டா ஒண்ணும் தெரியமாட்டேங்குதுங்க. இரும்புச் சத்தமும் மரச் சத்தமும் சேந்து வருது."

எழுந்து வெளித் தாழ்வாரத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அங்கிருந்து, "ஏத்துங்க" என்றார்கள். குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாய் அவர்கள் பக்கத்தில் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், "எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் இருந்துச்சுங்க."

அந்தக் கோடையில் மூன்று நான்கு ஞாயிறுகள் அப்படிப் போனோம். பிறகு எனக்கு ஷிப்ட் மாறிவிட்டது. ஞாயிறு கிடைக்கவில்லை. அந்த அம்மா தானே ஆணியைத் திருப்புகிறேன் என்றார்களாம். பட்டறைச் சாவியை மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நாளில் பாய் மெட்ராஸிலிருந்து சரியான சாவி ஒன்றை வரவழைத்தார். யாரையாவது கட்டையை அழுத்தச் சொல்லிவிட்டு, அவர்களே வெளியே போய்க் கேட்டு, உள்ளே வந்து திருப்பி, வெளியே போய்க் கேட்டு, உள்ளே வந்து திருப்புவார்களாம். அவர்களுக்கு அது சிரமமாகவே இல்லையாம். எஸ்டேட் கிளப்புகளிலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. பாய் கடையில் தேயிலைப் பெட்டிகளை யாரும் உடைக்கக் கூடாது, பக்கப்பலகை நல்லதா என்று அம்மா பார்த்த பிறகுதான் விற்கவேண்டும் என்று உத்தரவு.

நான் பழைய வேலையில் திரும்பச் சேர்ந்திருந்தேன், ஆனால் மனசு பழையபடி அதில் ஒட்டவில்லை. லேத் ஓடும்போது அதன் சத்தத்தில் நடுக்கம் இருக்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு நிற்பேன். ஃபோர்மேன் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். சில வருஷத்தில் கீழே சமவெளியில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் காரணமாக எழுதிக் கொடுத்தேன். உண்மையில் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். மனைவிக்கும் கோயம்புத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் கிடைத்தது.

சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு மாடிக்குச் சொல்லிக்கொள்ளப் போனோம். அந்த அம்மா இல்லை.

"கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போயிருக்கா. மத்தியானமே வந்திருக்கோணும்" என்றார் பாய். "உக்காருங்க, டீ போடறேன்."

அவரே போட்டார். சர்க்கரை அள்ளிக் கொட்டிவிட்டார். நாங்கள் குடித்தோம். அவர் உட்காரவில்லை. ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னலில் பார்த்தார், திரும்பி வந்தார், சமையலறைக்குப் போனார், திரும்ப ஜன்னலுக்கு வந்தார். "ரோட்டுல மஞ்சு எறங்கிருச்சோ என்னமோ" என்றார். மனைவி, "வந்துருவாங்க பாய்" என்றாள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

வண்டி வளைவு திரும்பும்போது தலையை நீட்டிப் பார்த்தேன். பாய் வாசலில் இறங்கி நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை, கோத்தகிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.